ஆளுக்கொரு ஆழம்

பல்கலைக்கழகம் கட்டப்பட்டிருந்த இடம் ஒரு காலத்தில் குளமாக இருந்தது என்பது சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும், அதனால் ஐப்பசி மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை மாலை ஆறு பத்துக்கு அந்தக் குளம் திரும்பி வந்தபோது யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. மழை பெய்யவில்லை, மடை எதுவும் உடையவில்லை. நூலகப் படிக்கட்டிலிருந்து பெரிய கேட் வரைக்கும் நீண்டு கிடக்கும் நேர்சாலையில், இருபுறமும் வேப்பங்கன்று நட்டு ஆடு மேயாமலிருக்க இரும்புக் கூண்டு போட்டிருந்த அந்தச் சாலையில், பச்சையாக, பாசி வாடையோடு, சத்தமில்லாமல் தண்ணீர் வந்து நின்றது. விடிந்ததும் போய்விட்டது. மறுநாள் அதே நேரத்துக்கு மறுபடி வந்தது. மூன்றாம் நாள் கேட்டுக்கு வெளியே பஸ் ஸ்டாப்பை ஒட்டியிருந்த பேக்கரிக்காரர் தண்ணீர் பார்க்க வருகிறவர்கள் உட்காரட்டும் என்று இரண்டு பெஞ்சு கூடுதலாகப் போட்டார், நான்காம் நாள் அந்த பெஞ்சுகளில் இடம் கிடைக்கவில்லை.

ஜெனிட்டா அந்தச் செவ்வாய்க்கிழமை நூலகப் படியில் நின்றுகொண்டிருந்தாள். எம்.எஸ்சி. விலங்கியல், கடைசி வருடம். நடுவில் கல்யாணமாகி, ஒரு வருடம் விட்டு, பிள்ளை பெற்று, பிள்ளைக்கு ஐந்து மாதம் ஆனதும் திரும்ப வந்து சேர்ந்தவள். வீட்டில் செரின் இருந்தாள். புட்டிப்பாலைத் துப்பிவிடும் செரின், ஆறரை மணிக்கு அம்மா வந்தே ஆகவேண்டும் என்று வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கும் செரின். அதனால் ஜெனிட்டா தண்ணீரைப் பார்த்து யோசித்துக்கொண்டிருக்கவில்லை. பையன்கள் பேண்டை இரண்டு மடிப்பு மடித்துக்கொண்டு கணுக்கால் நனைய நடந்து போவதைப் பார்த்தாள், துறைத் தலைவரின் கார் ஒரு சொட்டுகூடத் தெறிக்காமல் போவதைப் பார்த்தாள், சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். அவளுக்கு முழங்கால் வந்தது. கூடவே இறங்கிய சங்கரவடிவு மூன்றாவது எட்டில் காணாமல் போனாள்.

சங்கரவடிவு இயற்பியல் படிக்கிறவள், கேட்டுக்கு வெளியே இருந்த ஹாஸ்டல்காரி, ஜெனிட்டாவைவிட அரை அடி உயரம். ஜெனிட்டா கையை விட்டுத் துழாவி, சடை தட்டுப்பட்டு, சடையைப் பிடித்தே தூக்கினாள்.

"ஏட்டி, நீ எதுலட்டி நிக்க? குழியா?"

"ரோட்டுலதான் நிக்கேன்," என்று தண்ணீரைத் துப்பிக்கொண்டே சொன்னாள் சங்கரவடிவு. "கால்ல தார் தட்டுப்படுது. ஒனக்கு எப்படிட்டி முழங்காலு?"

ஒரே இடத்தில், ஒரே தாரின்மேல், ஒருத்திக்கு முழங்கால், ஒருத்திக்குத் தலைக்கு மேல் ஒரு முழம். அந்த வாரத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, இந்தக் குளம் ஆளுக்கொரு ஆழம் என்று.

பதிவாளர் அலுவலகம் ஐந்து பேர் கொண்ட குழு ஒன்றை அமைத்தது. ஐந்து பேரும் ஆண்கள். அதில் யாருக்கும் எதுவும் தவறாகத் தோன்றவில்லை. அவர்கள் சாலையின் நட்டநடுவில் அடியும் அங்குலமும் குறித்து, சிவப்பும் வெள்ளையுமாகப் பெயிண்ட் அடித்த ஒரு இரும்புக் குழாயை ஊன்றினார்கள். இரும்புக் குழாய் யார் வீட்டுப் பிள்ளையும் இல்லை. மூன்று மாலை நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார்கள், மூன்று மாலையும் அது காய்ந்தே நின்றது. சுற்றறிக்கை வந்தது: வளாகத்தில் தண்ணீர் இல்லை என்று ஆய்வில் உறுதியாகியுள்ளது, எனினும் மாணவியர் மாலை ஆறு மணிக்கு மேல் தண்ணீரில் இறங்கக் கூடாது, மீறி இறங்குவோர், தமக்கு நேரும் ஆழத்துக்குப் பல்கலைக்கழகம் பொறுப்பல்ல என்று தகப்பனார் அல்லது கணவர் கையொப்பமிட்ட உறுதிமொழிப் படிவத்தைச் சமர்ப்பிக்க வேண்டும். லேப் ஏழு மணி வரை நடக்கும் என்பதையோ, லேப்பிலேயே விடியும்வரை தங்கிவிட்டவள் வீட்டுக்கு மறுநாளே கடிதம் போகும் என்பதையோ அந்தச் சுற்றறிக்கை மாற்றவில்லை.

ஜெனிட்டாவின் கணவன் ரூபன் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவன், நல்லவன், அதட்டிப் பேசத் தெரியாதவன். படிவத்தைக் கவுண்ட்டரிலேயே வைத்து, இருமல் மருந்து கேட்டவருக்கும் ஊசி கேட்டவருக்கும் நடுவில், வாசிக்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். அன்று மாலை ஜெனிட்டாவுக்குத் தண்ணீர் முழங்காலுக்கு மேலே ஒரு விரற்கடை ஏறியிருந்தது.

ஜெனிட்டா படித்த கான்வென்டில் ஒன்பதாம் வகுப்பில் திங்கட்கிழமைதோறும் பிள்ளைகளை வரிசையாக முழங்காலிட வைத்து, பாவாடை விளிம்பு தரையைத் தொடுகிறதா என்று சிஸ்டர் மரஸ்கேலோடு குனிந்து பார்த்துக்கொண்டே வருவார். தொடாதவளின் கெண்டைக்காலில் அந்த ஸ்கேல் ஒருமுறை குளிர்ச்சியாகப் பட்டுவிட்டுப் போகும், அடி கிடையாது, வெறும் குளிர்ச்சிதான். தண்ணீர் ஏறியிருந்த அந்த ஒரு விரற்கடையில் ஜெனிட்டா அதே குளிர்ச்சியை உணர்ந்தாள்.

ஊர் அந்தக் குளத்தைப் பழக்கிக்கொண்டது, எதையும் பழக்கிக்கொள்வதைப் போல. பேக்கரி பெஞ்சுகளில் டீக்கிளாஸோடு உட்கார்ந்து, நனைந்த துணியோடு கரையேறுகிற பிள்ளைகளை மேலும் கீழும் பார்ப்பது ஒரு மாலைநேர வழக்கமாயிற்று. பிள்ளைகள் பாலித்தீன் கவரில் காய்ந்த துப்பட்டா ஒன்றைக் கொண்டுவந்து கரையிலேயே போர்த்திக்கொள்வது அதற்கு எதிர்வழக்கமாயிற்று. பெண் பார்க்க வந்தவர்கள் பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளை என்றால் "எவ்வளவு?" என்று கேட்டார்கள். இடுப்புக்குக் கீழே என்றால் முகம் சுருங்கியது, கண்டிப்பில்லாத வீடு போலிருக்கிறது என்று பேசிக்கொண்டே போனார்கள். "எங்க பிள்ளைக்குத் தலைக்கு மேல ஓடுதுல்லா" என்று தகப்பன்மார் கல்யாண வீடுகளில் இலை போடுவதற்கு முன்னால் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொண்டார்கள்.

பையன்களுக்கு ஒரே ஒரு பதில்தான். யாரை எப்போது கேட்டாலும் கணுக்கால். விடுதியில் புதிதாகச் சேர்ந்தவனைத் தூக்கிக் குளத்துக்குள் போட்டு "எவ்வளவுல?" என்று கேட்பார்கள், அவன் எழுந்து "கணுக்கால்ணே" என்றால்தான் விடுவார்கள். ஜெனிட்டாவோடு படித்த மாரிச்செல்வத்துக்கும் கணுக்கால்தான் என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். ஒரு நாள் மாலை விலங்கியல் கட்டடத்துப் பின்புறக் குழாயடியில் அவன் பேண்டைப் பிழிந்துகொண்டிருந்ததை ஜெனிட்டா பார்த்துவிட்டாள். இடுப்பு வரைக்கும் ஈரம், சட்டை நுனியில் பாசி.

"யக்கா, யார்ட்டயும் சொல்லிராதிய."

"இடுப்புன்னு சொன்னா என்னடே? எங்களுக்கெல்லாம் இல்லியா?"

"நீங்க பொம்பளப்பிள்ளைய. நான் இடுப்புன்னு சொன்னா, எந்த ஊரு, எந்தத் தெருன்னு அடுத்த கேள்வி கேப்பாவ." பிழிந்த பேண்டை உதறிவிட்டுச் சிரித்தான். "பைக்கோட வாய்க்கால்ல விழுந்துட்டேன்னு சொல்லிருக்கேன். இந்த மாசத்துல நாலு தடவ விழுந்துட்டேன். ஓட்டவே தெரியாதவன்னு பேராயிட்டு."

எதனால் ஏறுகிறது என்பதைக் கண்டுபிடித்தது சங்கரவடிவு. தினம் தலை முங்கிப் போகிறவளுக்குத்தான் அது தேவையாயிருந்தது. அவள் மூச்சடக்கித் தண்ணீருக்கடியிலேயே நடக்கப் பழகிவிட்டாள். நோட்டும் ரெக்கார்டும் நனையாமலிருக்க பிளாஸ்டிக் ஃபைலில் போட்டு ஒரு கையால் உயர்த்திப் பிடித்துக்கொள்வாள். கரையிலிருந்து பார்த்தால் ஒரு முன்னங்கையும் ஒரு நீல ஃபைலும் மட்டும் சாலை நடுவே போய்க்கொண்டிருக்கும். இயற்பியல் ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கங்களில் அவள் ஒவ்வொரு நாளும் குறித்துக்கொண்டே வந்தாள், இன்றைக்கு வீட்டிலிருந்து யார் பேசினார்கள், என்ன சொன்னார்கள், எவ்வளவு ஏறியது என்று. ஒரு மாதம் குறித்துவிட்டு ஜெனிட்டாவைக் கேன்டீனுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள்.

"இங்க பாரு. எங்க சித்தப்பா ஏசுனா ஒரு விரற்கடை. ஒழுக்கமா இருந்துக்கோன்னு அவரு போட்ட சத்தத்துக்கு வெறும் ஒரு விரற்கடை. எங்க அப்பா பாவம், ஏசவே மாட்டாரு. 'தாயி, பாத்துப் போம்மா, எனக்கு ஒறக்கமே வரலம்மா'ன்னாரு. ஒரு சாணு ஏறிட்டு."

"அன்பாச் சொன்னா ஜாஸ்தியா?"

"அன்பாச் சொன்னாத்தான் ஜாஸ்தி."

இது விடுதி முழுக்கப் பரவி, பிள்ளைகள் ஐந்தரை மணிக்கே போனை அணைத்து வைக்க ஆரம்பித்தார்கள். போன் எடுக்கவில்லை என்றதும் வீடுகள் பதறின, ஊர் ஊராக அப்பாமார் வார்டனைக் கூப்பிட்டார்கள், வார்டன் மைக்கில் பெயர் பெயராக வாசித்தாள், அந்த வெள்ளிக்கிழமை மாலை கேட்டுப் பக்கம் நூற்றுக்கணக்கான ஃபைல்கள் மட்டும் தண்ணீருக்கு மேலே ஊர்ந்து வந்ததைப் பார்த்தவர்கள் திருவிழா மாதிரி இருந்தது என்று சொன்னார்கள். சனிக்கிழமையிலிருந்து எல்லாப் போனும் திரும்ப உயிர்பெற்றது.

சங்கரவடிவு முங்கிச் சாகவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பிறகு பலபேர் பலவிதமாகச் சொன்னார்கள். அவள் கடைசியாக இறங்கிய மார்கழி மாலையிலும் முழுத் தூரத்தையும் நடந்து, உயிரோடு, மூச்சிரைக்கக் கரையேறினாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவள் ஊர்க்காரன் ஒருவன் நீல ஃபைலைப் போனில் படமெடுத்து ஊருக்கு அனுப்பிவிட்டான், அவ்வளவுதான். விடியற்காலை முதல் பஸ்ஸில் அவள் அப்பா வந்து இறங்கினார். கையை ஓங்கவில்லை, குரலை உயர்த்தவில்லை. கேட் பக்கத்தில் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்று, மகள் வந்ததும், "அப்பா பயந்துட்டேன் தாயி. போதும் தாயி" என்றார். பெட்டியைக் கட்ட அரை மணி நேரம் ஆனது. தை மாதமே கல்யாணம் என்றும், மாப்பிள்ளை வீட்டார் ஆழத்தைக் கேட்டு மிகவும் திருப்திப்பட்டார்கள் என்றும் பிறகு தெரியவந்தது.

ரெக்கார்டு நோட்டை அவள் கேட் வாட்ச்மேன் தங்கப்பாண்டி அண்ணாச்சியிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள், ஜெனிட்டாவிடம் சேர்க்கச் சொல்லி. கடைசி நாளுக்கு நேரே இப்படி எழுதியிருந்தது: அப்பா அழுதார். அளக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு ஜெனிட்டாவுக்கு வேகமாக ஏற ஆரம்பித்தது. மாமியார், "பால் குடிக்கிற பிள்ளைய விட்டுட்டு அப்படி என்ன புழுவையும் பூச்சியையும் படிக்கணும்?" என்று கேட்டதில் தொடை. அது கோபம், அதனால் கொஞ்சம்தான். "ஊரு ஒரு மாதிரி கெடக்குட்டி, குனிஞ்ச தலை நிமிராமப் போயிட்டு வா. நாங்க தினம் ஒனக்காக செபமாலை சொல்லுதோம்," என்று அம்மா போனில் சொன்னதில் இடுப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை செரினைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே ரூபன், "ஒனக்கு ஏதாவது ஒண்ணு ஆனா நானும் பிள்ளையும் என்ன பண்ணுவோம் ஜெனி?" என்று கேட்டான். கேட்கும்போது அவன் கண் கலங்கியிருந்தது. மறுநாள் தண்ணீர் கழுத்தில் நின்றது.

"செமஸ்டர் முடியுற மட்டும், அத்தை," என்று ஜெனிட்டா மாமியாரிடம் கேட்டுக்கொண்டாள். "பிராக்டிகல் ஒண்ணுதான் பாக்கி."

"முடிச்சுக்கோ. ஆனா ஒரு ராத்திரி வெளியில தங்குன, அதோட சரி. பிள்ளை இங்க இருக்கும், நீ அங்க இருந்துக்கோ."

மாமியார் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள், முருங்கைக்கீரை உருவிக்கொண்டே. ஆகவே விஷயம் மிக எளிதாக இருந்தது. பிராக்டிகல் எழுத வேண்டும், எழுதிவிட்டு அன்றைக்கே கரையேற வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் ஒன்று போய்விடும், எது போகும் என்று அவளுக்குத் தெரியும்.

பிராக்டிகல் அன்று வெளியூரிலிருந்து வரவேண்டிய தேர்வாளரின் ரயில் மூன்று மணி நேரம் தாமதம். காலை பத்துக்குத் தொடங்க வேண்டியது ஒரு மணிக்குத் தொடங்கியது. ஜெனிட்டாவின் இரண்டாவது அணி மூன்றரைக்கு உள்ளே போனது. கரப்பான்பூச்சியின் நரம்பு மண்டலத்தை அறுத்துப் பிரித்துக் குண்டூசியால் கொடி குத்தி நிறுத்தினாள்; ரவிக்கைக்குள் மடித்து வைத்திருந்த கைக்குட்டை பாலில் நனைந்துகொண்டே போனது. வாய்மொழித் தேர்வில் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். "வெரி குட்மா, மேல படிக்கணும் நீ," என்றார் தேர்வாளர். ஜன்னலுக்கு வெளியே ஆறு பத்து ஆகியிருந்தது.

போனில் ரூபனின் செய்தி இருந்தது. *கேட்ல நிக்கேன். பாப்பாவும் இருக்கா. பயப்படாம வா.*

வாசிக்கும்போதே அவளுக்கு இரண்டு விரற்கடை ஏறியிருக்கும்.

நூலகப் படியிலிருந்து கேட் வரை நானூற்றுப் பன்னிரண்டு தப்படி. ஜெனிட்டா அதை அருள் நிறை மரியே செபம் சொல்லித்தான் அளந்து வைத்திருந்தாள், கட்டை குட்டையான ஆள் நிதானமாக நடந்தால் பதினாறு தடவை. இரண்டாவதில் முழங்கால், நாலாவதில் இடுப்பு, ஆறாவதில் நெஞ்சு. பால் கட்டிக் கனத்த மார்பில் தண்ணீர் பட்டதும் வலித்தது. எட்டாவதில் இரும்புக் குழாயை எட்டியபோது கீழுதட்டில் வந்து நின்றது. அதற்கு மேல் எட்டு வைக்க முடியவில்லை. நுனிக்காலில், மோவாயைத் தூக்கிக்கொண்டு, வானத்தைப் பார்த்தபடி நின்றாள். பக்கத்தில் குழாய் காய்ந்து நின்றது. அக்கரையில் பேக்கரி பெஞ்சு முழுக்க ஆள்.

பெஞ்சில் வேடிக்கை பார்க்கிறவர்களுக்குத் தெரிகிற ஆழம் ரூபனைப் போன்றவர்களுக்குத் தெரியாது, அந்தச் சாலை சும்மா தண்ணீர் தெளித்துவிட்ட மாதிரிதான் தெரியும். மனைவி ரோட்டு நடுவில் நுனிக்காலில் நிற்பதையும் பத்துப் பேர் அதைப் பார்ப்பதையும்தான் அவன் கண்டான். செரினை இடுப்பில் வைத்துக்கொண்டு, காய்ந்த செருப்போடு, சாலையில் இறங்கி நடந்து அவளிடம் வந்தான்.

"ஜெனி, என்னம்மா? எல்லாரும் பாக்காவ. வா, நான் இருக்கேன்லா."

மேலுதடு முங்கிவிட்டது. ஜெனிட்டா மூக்கால் மூச்சுவிட்டாள். பேச வாயைத் திறந்தால் தண்ணீர் உள்ளே போகும். கையை நீட்டினாள். அப்போதுதான் பார்த்தாள்.

ரூபனின் இடுப்பிலிருந்து தொங்கிய செரினின் இடது கால். வலது காலில் இளஞ்சிவப்பு சாக்ஸ் இருந்தது, இடது சாக்ஸை அவள் எப்போதும்போல எங்கேயோ உதறித் தொலைத்திருந்தாள். அந்த வெறும் குதிகாலிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. குதிகாலைச் சுற்றி, வேறு யாருக்கும் தெரியாத மட்டத்தில், சின்ன வளையமாக அலை விரிந்தது. பத்து மாதப் பிள்ளை. இரண்டேகால் அடி உயரம். தரையில் இறக்கிவிட்டால் தலைக்கு மேல் நாலு விரல்.

செரின் அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு தண்ணீரைப் பார்த்தாள். அவளுக்குத் தண்ணீர் தெரிந்தது, அது பச்சையாக மினுங்கியது, அவளுக்குப் பிடித்திருந்தது. குனிந்து, ஐந்து விரலையும் விரித்து, அதைத் தொடக் கையை நீட்டினாள்.

"வேண்டாம்டீ செரின், தொடாத!"

வாய் நிறையத் தண்ணீரோடு வந்தது அது. அவள் வயிற்றிலிருந்து, பத்து மாத இரவுகளிலிருந்து, அவளிடம் இருந்த அத்தனை பிரியத்திலிருந்தும் வந்தது. சொல்லி முடிப்பதற்குள் தண்ணீர் செரினின் குதிகாலை விட்டேறி, கெண்டைக்காலைத் தாண்டி, முழங்காலில் போய் நின்றது. ஒரு சாண். சங்கரவடிவின் நோட்டில் இருந்ததைப் போல, சரியாக ஒரு சாண். பிள்ளை சிரிப்பை நிறுத்திவிட்டுத் தன் காலைப் பார்த்தது.

"ஐயய்ய, ஒண்ணுக்குப் போயிட்டா போல," என்றான் ரூபன், தொடையைத் துடைத்துக்கொண்டே. "காலெல்லாம் நனஞ்சு கெடக்கு. நட ஜெனி, நட."

ஜெனிட்டாவின் நாக்கில் அடுத்த சொல் வந்து தயாராக இருந்தது. பத்திரம் என்ற சொல். அதற்குப் பின்னால் இன்னொன்று, அதற்குப் பின்னால் இன்னொன்று, பாத்து, விழுந்துருவ, அம்மாட்ட வந்துரு, அங்க போவாத, அம்மா அவளிடம் சொன்னதும், அம்மாவிடம் அவள் அம்மா சொன்னதும், எல்லாம் வரிசையாகப் பல்லுக்குப் பின்னால் முழங்காலிட்டு நின்றன. செரின் ஒரு நொடி அம்மாவின் முகத்தையே பார்த்தாள், தொடலாமா என்று கேட்பதைப் போல. பிறகு கையை ஓங்கித் தண்ணீரை ஓர் அறை அறைந்தாள். அது தெறித்து ஜெனிட்டாவின் கண்ணில் விழுந்தது.

ஜெனிட்டா பல்லைக் கடித்துக்கொண்டாள். கேட்டுக்கு இன்னும் இருநூறு தப்படி இருந்தது, எட்டு அருள் நிறை மரியே. மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு, ரெக்கார்டு ஃபைலை ஒரு கையால் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, மகளின் ஈரக்காலை இன்னொரு கையால் இறுக்கிப் பிடிக்காமல், தொட்டுக்கொண்டு மட்டும் நடந்தாள். வந்த ஒவ்வொரு சொல்லையும் குளத்துத் தண்ணீரோடு சேர்த்து விழுங்கினாள். செரினுக்கு அதற்கு மேல் ஏறவில்லை. இறங்கவும் இல்லை.